பாலையும் சுனையும்: மேலூர் வட்டாரத்துப் பண்டைய வணிகவழி – ஓர் ஆய்வு

முன்னுரை

பாலைவனச் சோலை என்ற தொடர் அரபு, ஆப்பிரிக்க நிலங்களைப் பற்றிய நூல்களின் வழியே இக்காலத் தமிழுக்கு வந்து நிலைபெற்றது. மணற்பரப்பின் நடுவே ஒரு நீரூற்று, அதனைச் சூழ்ந்த ஈச்சமரங்கள், அங்கு வந்து தங்கும் ஒட்டக நிரை என்பதே அத்தொடர் எழுப்பும் காட்சி. தமிழ்நாட்டில் அத்தகைய மணற்பாலை இல்லை. ஆயினும் வறண்ட வழி, வழியிடை நீர்நிலை, அந்நீர்நிலையை நம்பிச் செல்லும் வணிகச் சாத்து ஆகிய மூன்றும் சங்க இலக்கியத்திலும் பழந்தமிழ்க் கல்வெட்டுகளிலும் இடம்பெறுகின்றன. இம்மூன்றும் ஒருங்கே தடம் பதித்துள்ள நிலப்பகுதியாக மதுரைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மேலூரையும் அதனைச் சூழ்ந்த குன்றுகளையும் கொள்ளலாம். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, திருவாதவூர், அழகர்மலை ஆகிய இடங்களின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளையும் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் காட்டும் வழிகளையும் இணைத்து நோக்கி, இப்பகுதியின் வணிகவழி எதனை ஆதாரமாகக் கொண்டு இயங்கியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாலை: நிலமா, பருவமா?

தொல்காப்பியம் நானிலத்தைப் பகுத்துக் கூறுமிடத்துப் பாலைக்குத் தனிநிலம் வகுக்கவில்லை. வேனிலும் பின்பனியும் அதற்குரிய பெரும்பொழுதுகளாகவும் நண்பகல் சிறுபொழுதாகவும் அமைகின்றன. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தவிடத்துப் பாலை தோன்றும் என்ற விளக்கத்தை இளங்கோவடிகள் காடுகாண் காதையில் தருகின்றார். பாலை இடத்தால் அன்றிக் காலத்தால் உருவாவது என்ற கருத்து இவ்விரண்டிற்கும் பொது.

தனிநிலம் இல்லை என்பதால் பாலையைப் புலவர் கற்பனையென்றோ, பிரிவு என்னும் உரிப்பொருளுக்காகப் படைத்துக்கொண்ட பின்புலம் என்றோ கொள்ளும் போக்கு ஆய்வுலகில் உண்டு. இது முழுதும் ஏற்கத்தக்கதன்று. அகநானூற்றின் நானூறு பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்ற இருநூறும் பாலைத்திணைக்கு உரியவை. ஒரு தொகைநூலின் சரிபாதியை ஒரு கற்பனை நிலத்திற்கு ஒதுக்கினர் என்பதைவிட, அப்பாடல்கள் எழுந்த சமூகத்தில் வழிச்செலவு அத்துணை முதன்மை பெற்றிருந்தது என்பதே பொருந்தும் விளக்கமாகும். பொருள்வயிற் பிரிவோன் செல்லும் வழியில் உமணரின் வண்டி நிரை உண்டு. சாத்தரைக் கொள்ளையிடும் ஆறலை கள்வரும், வீழ்ந்தோர்க்கு எடுத்த நடுகல்லும், கல் குவித்த பதுக்கையும் உண்டு. உமணர் சமைத்துவிட்டுப் போன கல்லடுப்பில் பின்வந்தோர் தம் உணவைச் சமைத்தனர் என்று அகநானூறு காட்டும் சிறு செய்தி, அவ்வழி ஒருமுறை கடந்து மறக்கப்பட்டதன்று, மீண்டும் மீண்டும் ஆள் நடமாடியது என்பதைச் சொல்லாமற் சொல்கிறது.

பாலைக்குரிய பருவங்களை வேளாண் நாட்காட்டியோடு ஒப்பிட்டால் மற்றொன்றும் புலப்படும். பின்பனி என்பது மாசியும் பங்குனியும். தை அறுவடை முடிந்து, களத்து நெல் வீடு சேர்ந்து, வடகிழக்குப் பருவமழையால் சேறான தடங்கள் காய்ந்து, ஆறுகள் கால்நடையாகக் கடக்கும் அளவிற்கு வற்றும் காலம் அது. எருதும் கழுதையும் பொதி சுமந்து செல்வதற்கு உகந்த மாதங்கள் அவையே. கார்காலத்தில் தலைவன் மீள்வான் என்பது முல்லைத்திணையின் நம்பிக்கை. அந்நம்பிக்கைக்கு அடியில் இருப்பது மழைக்காலத்தில் வண்டி ஓடாது என்ற எளிய உண்மையாகவும் இருக்கலாம். ஆகவே பாலைப்பொழுது வணிகர்தம் பயணப்பொழுதும் ஆகும். வழி உலர்ந்திருக்கும் அம்மாதங்களிலேயே நீரும் அருகிவிடுவது அப்பயணத்தின் இடர்ப்பாடு.

மேலூர்ப் பகுதியின் இன்றைய தோற்றத்தைக் கொண்டு இதனை மதிப்பிட முற்படுவோர் ஓர் எச்சரிக்கையோடு தொடங்க வேண்டும். பெரியாற்றுக் கால்வாயின் கரையில் இன்று காணும் நெல்வயல்கள் முல்லைப்பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்ட பின் விரிந்தவை. அதற்கு முன்னர் இப்பகுதி வைகையாற்றின் நேரடிப் பாசனத்திற்கு எட்டாத மேட்டுநிலமாக, மழைநீரைத் தேக்கும் கண்மாய்களையும் குன்றடிச் சுனைகளையும் நம்பியிருந்தது. சங்ககால மேலூரைக் கற்பனை செய்கையில் அக்கால்வாயை மனத்திரையிலிருந்து அழித்துவிட வேண்டும்.

மூன்று வழிகளும் மூன்று பொய்கைகளும்

உறையூரிலிருந்து மதுரை நோக்கி வரும் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் மாங்காட்டு மறையோனைச் சந்திக்கின்றனர். கொடும்பாளூர்ப் பகுதியின் பெருங்குளத்தைக் கடந்ததும் வழி சூலப்படையின் முனைகள்போல மூன்றாகப் பிரியும் என்று அவன் கூறுகின்றான். வலப்பக்க வழி சிறுமலையை ஒட்டியது. இடப்பக்க வழி திருமால்குன்றம் எனப்பட்ட அழகர்மலை சார்ந்தது. இவ்விரண்டிற்கும் இடையே நடுவழி ஒன்று உண்டு. தெற்கு நோக்கி வருவோனுக்குச் சிறுமலை வலப்புறமும் அழகர்மலை இடப்புறமும் அமைதல் இன்றைய நிலப்படத்தோடும் ஒத்துப்போகிறது. வழி அறிந்த ஒருவரின் கூற்றாகவே இப்பகுதியைக் கருதலாம்.

இடவழியைப் பற்றிய வருணனை இவ்வாய்விற்கு மிக இன்றியமையாதது. வண்டு மொய்க்கும் நீர்த்தடங்களும் வயலும் பூங்காவும் அவ்வழியில் உள்ளன. அவற்றோடு கடத்தற்கரிய காட்டுவழிகளும் உள்ளன. பசுமையும் வறட்சியும் மாறி மாறி வரும் இவ்வமைப்பு அழகர்மலைக்குக் கிழக்கே மேலூர் வரையில் பரந்த நிலத்தின் இயல்பாகும். ஒரு கண்மாய், அதன் கீழ் சில வயல், பின்னர் பாறையும் முட்காடும், மீண்டும் ஒரு குன்றும் சுனையும் என்று நிலம் விட்டுவிட்டுப் பசுமை காட்டுகிறது. ஒரு பெரிய சோலைக்கு மாறாகச் சிதறிய பல சிறு சோலைகளைக் கொண்ட வழி இது.

திருமால்குன்றத்துப் பிலத்தினுள் புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என மூன்று பொய்கைகள் இருப்பதாக மறையோன் சொல்கின்றான். முதலாவதில் நீராடினால் ஐந்திர நூலறிவும், இரண்டாவதில் பழம்பிறப்புணர்வும், மூன்றாவதில் வேண்டியவை அனைத்தும் கிட்டும் என்கின்றான். உரையாசிரியர்களும் பிற்கால ஆய்வாளர்களும் இப்பொய்கைகளின் சமயப்பொருளையே பெரிதும் பேசியுள்ளனர். கோடையில் நெடுவழி நடந்து வருவோனிடம் மலையில் மூன்று நீர்நிலைகள் உள்ளன என்று சொல்வதன் நடைமுறைப் பயன் அவர்கள் கவனத்தில் விழவில்லை. தெய்வக்கதையின் போர்வையை நீக்கினால் எஞ்சுவது வழிநடைக் குறிப்பே.

சமணத் துறவியாகிய கவுந்தி அப்பொய்கைகளின் பயனை மறுத்து, அருகன் அறவுரை இருக்க அவை வேண்டா என்று நடுவழியைத் தேர்கின்றார். இம்மறுப்பில் ஒரு முரண் உண்டு. அதே மலையின் வேறொரு சரிவில், கிடாரிப்பட்டிப் பக்கத்துக் குகைத்தளத்தில், சமண முனிவர்க்கென வெட்டிய கற்படுக்கைகளை ஒட்டி ஒரு சுனை இன்றும் இருக்கிறது. கவுந்தியின் சமயத்தார் அம்மலை நீரை வேண்டாவென்று ஒதுக்கியவர் அல்லர்.

நடுவழியிலும் நீர்த்தேவை கதையை நகர்த்துகிறது. வேட்கை தணிக்க நீர்தேடிச் சென்ற கோவலன்முன் கானுறை தெய்வம் வசந்தமாலை வடிவில் தோன்றுகின்றது. மந்திரத்தால் அதனை விலக்கிய அவன் தாமரையிலையில் நீர் கொணர்ந்து கண்ணகியின் களைப்பை நீக்குகின்றான். நீர்நிலையை அணங்குறையும் இடமாகக் கருதியதற்கு அதன் அருமையும் ஒரு காரணமாகலாம்.

குன்றுகள் தரும் சான்று

மேலூரைச் சூழ்ந்த கல்வெட்டுகளில் முதலில் கவனம் பெற்றது மாங்குளம் (மீனாட்சிபுரம்) ஓவாமலையாகும். இராபர்ட் சீவெல் 1882இல் இதனைக் கண்டறிந்தார். இக்குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதைக் கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துரைத்தார். மாங்குளத்தின் நெடுஞ்செழியனைப் பாண்டிய மன்னனாக அடையாளங்கண்டு இவற்றின் வரலாற்றுப் பயனை விரிவாக்கியவர் ஐராவதம் மகாதேவன். அவரது பெருநூல் 2003இல் வெளிவந்தது. மாங்குளக் கல்வெட்டுகள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்பது அவர் கணிப்பு. இன்னும் முற்பட்டவை என்பாரும் உளர்.

கணிநந்தன் என்னும் முனிவர்க்கு நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி முதலானோர் உறைவிடம் அமைத்துத் தந்த செய்தி இக்கல்வெட்டுகளில் உள்ளது. கொடை அளித்தோருள் வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகக் குழுவினரும் இடம்பெறுகின்றனர். நிகமம் என்பது வணிகர் கூட்டமைப்பைக் குறிக்கும் பிராகிருதச் சொல். அந்நிகமத்தைச் சேர்ந்த ஒருவர் காவிதி என்னும் பட்டம் பெற்றவராகவும் இருந்தார். அரசனால் சிறப்பிக்கப்பெற்ற வணிகர் குழு ஒன்று இங்கு இயங்கியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. வெள்ளறை என்பது மதுரை – மேலூர்ச் சாலையிலுள்ள இன்றைய வெள்ளரிப்பட்டி என்று அறிஞர் சிலர் கருதுவர். ஊர்ப்பெயர் ஒலியொற்றுமையை மட்டும் கொண்டு இதனை முடிந்த முடிபாக்க இயலாதெனினும், மாங்குளத்திற்கும் வெள்ளரிப்பட்டிக்கும் உள்ள அண்மை இக்கருத்திற்கு வலுச்சேர்க்கிறது.

கீழவளவுக் குகைக் கல்வெட்டு எழுத்துகளைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் பொறித்த விந்தையால் பேசப்படுவது. அதன் பொருளோ இன்னும் சுவையானது. கொடையாளி தொண்டியைச் சேர்ந்தவன். தொண்டி என்னும் பெயருடைய துறைமுகம் சேரநாட்டு மேலைக்கடற்கரையிலும் பாண்டிநாட்டுக் கீழைக்கடற்கரையிலும் உண்டு. கீழவளவு மேலூருக்குக் கிழக்கே, கடற்கரை நோக்கிய திசையில் அமைந்திருத்தலின் கீழைத்தொண்டியைக் கொள்வதே ஏற்புடையது. கடற்கரையிலிருந்து வந்த ஒருவன் மேலூர்க் குன்றில் தன் பெயரைப் பொறித்தான் என்றால், அவன் எவ்வழியே வந்தான் என்ற கேள்விக்கு அக்குன்றே விடையாகிறது.

அரிட்டாபட்டிக் கழிஞ்சமலையில் நெல்வேலியையும் இலஞ்சியையும் சார்ந்த பெயர்கள் காணப்படுகின்றன. கருங்காலக்குடியில் ஏழையூர் என்னும் ஊர்ப்பெயரும், திருவாதவூரில் பாங்காடு என்னும் ஊர்ப்பெயரும் வருகின்றன. கொடையாளிகளின் ஊர்கள் இவ்வாறு பல திசைகளிலும் பரவியிருத்தல் உள்ளூர்ப் பக்தியால் மட்டும் விளங்காது. (திருவாதவூரைப் பற்றி ஒரு குறிப்பு: பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொருள் கொண்டு கடற்கரை நோக்கிச் சென்ற அமைச்சராக மாணிக்கவாசகரைச் சொல்லும் பழங்கதையும் இவ்வூர்க்காரரைப் பற்றியதே. கதையின் வரலாற்றுத்தன்மை வேறு. கடலோடு வாணிகத் தொடர்புள்ள ஊராக இப்பகுதி மக்கள் மனத்தில் பின்னரும் நிலைத்தது என்பதை மட்டும் அதிலிருந்து பெறலாம்.)

வணிகரை நேரடியாகத் தொழிற்பெயரோடு காட்டுவது அழகர்மலை. இங்குள்ள பத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் மதுரைப் பொற்கொல்லன், உப்பு வணிகன், பணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் ஆகியோர் இடம்பெறுகின்றனர். பணிதம் வெல்லப்பாகு. கொழு ஏர்முனையில் பொருத்தும் இரும்பு. அறுவை துணி. பொன், இரும்பு, துணி, இனிப்பு, உப்பு என்னும் இவ்வரிசை ஒரு சந்தையின் சரக்குப்பட்டியல்போல் உள்ளது. இவற்றுள் உப்பு அழகர்மலையில் விளைவதன்று. கடற்கரை உப்பளத்திலிருந்து வண்டியேறி வந்தாக வேண்டும். இலக்கியம் பெயர் சுட்டாமல் உமணர் என்று பாடிய மக்களுள் ஒருவன் இங்குத் தன் பெயரை வியக்கன் என்று கல்லில் விட்டுச் சென்றுள்ளான்.

அறுவை வணிகன் என்ற தொழிற்பெயர் சங்கப்புலவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் பெயரிலும் அமைந்திருப்பது நோக்கத்தக்கது. கூலவாணிகன், பண்டவாணிகன் முதலிய அடைகளோடும் மதுரைப் புலவர் பெயர்கள் உள்ளன. கல்வெட்டில் கொடையாளியாக நிற்கும் வகுப்பினரும் தொகைநூலில் புலவராக நிற்கும் வகுப்பினரும் ஒருவரே. பாலைப் பாடல்களின் வழிச்செய்திகள் நுணுக்கமாக அமைந்ததற்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை.

சுனையும் கற்படுக்கையும்

இக்குகைகளை வணிகர் தங்கிய சத்திரங்கள் என்று கூறும் வழக்கம் பரவலாக உள்ளது. இக்கூற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். பொதிமாடுகளும் வண்டிகளும் செங்குத்தான பாறையில் ஏறா. சரக்கைக் கீழே விட்டுவிட்டு வணிகன் மேலே சென்று உறங்கினான் என்பது ஆறலை கள்வர் திரிந்த நாட்டில் நம்பத்தக்கதன்று. கற்படுக்கைகளின் எண்ணிக்கையும் ஒரு சாத்தின் மக்களுக்குப் போதாது. படுக்கைகளும் அவற்றின் தலையணை மேடுகளும், குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி வெட்டிய காடியும் துறவியர்க்கென்றே அமைந்தவை. கல்வெட்டுகளும் அவ்வாறே சொல்கின்றன.

எனின் வணிகர் ஏன் இவற்றிற்குப் பொருள் கொடுத்தனர்? விடை குன்றின் மேலன்றி அடிவாரத்தில் உள்ளது. பாறைக்குன்று மழைநீரை உறிஞ்சாமல் வழிய விடும். பாறையிடுக்கில் தங்குவது சுனையாகவும் அடிவாரத்தில் தேங்குவது குளமாகவும் ஆகும். மரம் வளர்ந்து நிழல் தருவதும் அங்கேதான். கோடையில் நிரைகளுக்கு நீர்காட்டி இளைப்பாறத் தக்க இடம் குன்றடியே. ஆண்டு முழுதும் நீர் வேண்டிய துறவியும் அதே குன்றை நாடினார். ஒரே நீரைச் சார்ந்து கீழே சாத்தும் மேலே பள்ளியும் அமைந்தன. மழைமாதங்களில் துறவியர் ஓரிடத்துத் தங்குதல் சமண மரபு. காடி வெட்டிய குகைகள் அத்தேவையை நிறைவு செய்தன. உலர்ந்த மாதங்களில் வழி நிறைய வணிகர் வந்தனர். கொல்லாமையைப் போற்றும் ஒரு துறவி மேலே உறைகின்றார் என்பது நீர்த்துறையில் தங்குவோர்க்கு ஓரளவு பாதுகாப்பையும் தந்திருக்கக்கூடும். குகைகள் வழியைக் குறிக்கும் அடையாளங்களே அன்றி வழித்தங்கல்கள் அல்ல என்பது இச்சான்றுகளால் பெறப்படும்.

இரவுப் பயணம்: எகிப்தும் பாண்டிநாடும்

இவ்வழியின் தொலைதூர முனையில் உண்மையான பாலைவனம் இருந்தது. கீழைக்கடற்கரைத் துறைகளிலும் முசிறியிலும் ஏற்றிய சரக்குகள் செங்கடற்கரையிலுள்ள பெரெனிகே, மியோசு ஓர்மோசு துறைகளில் இறங்கின. அங்கிருந்து ஒட்டகங்கள் மீது கிழக்குப் பாலைவனத்தைக் கடந்து நைல் கரையின் கோப்தோசு நகரை அடைந்து, படகில் அலெக்சாந்திரியா சென்றன. வியன்னாவில் உள்ள, கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் முசிறிப் பாப்பிரசு ஓலை, சரக்கைக் கோப்தோசுக்குக் கொண்டுசெல்லும் ஒட்டகக்காரரிடம் ஒப்படைப்பது, வழியில் காவல் அமைப்பது ஆகியவற்றைப் பேசுகிறது. பெரெனிகேயின் செராபிசு கோயிலில் ஏழரைக் கிலோ மிளகு நிறைந்த இந்தியச் சாடி ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அத்துறையிலும் குசெய்ர் அல் காதிமிலும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. கணன், சாதன் என்னும் பெயர்கள் குசெய்ர் ஓடுகளில் உள்ளன. தமிழ் வணிகர் ஒருசிலரேனும் அப்பாலைவனத்தின் விளிம்பில் நின்றிருக்கின்றனர்.

கோப்தோசிலிருந்து பெரெனிகே செல்லும் வழியை உரோமானிய ஆசிரியர் பிளினி விவரிக்கின்றார். நீர்நிலைகளைக் கணக்கிட்டே தங்குமிடங்கள் அமைந்தன. வெப்பத்திற்கு அஞ்சிப் பயணத்தின் பெரும்பகுதி இரவிலேயே நிகழ்ந்தது. பகல் முழுதும் தங்கலில் கழிந்தது. பன்னிரண்டாம் நாள் பெரெனிகே அடையலாம்.

இதனைச் சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரியிறுத்த காதையோடு வைத்து நோக்கலாம். கதிரவன் வெம்மையைக் கண்ணகியின் அடிகள் தாங்கா என்பதால் இரவில் செல்வோம் என்று கோவலன் கவுந்தியிடம் வேண்டுகின்றான். பாண்டியன் காக்கும் நாட்டில் கொடுவிலங்கும் தீங்கு செய்யாது, ஆகலின் இரவுச்செலவிற்கு அச்சமில்லை என்பது அவன் வாதம். நிலவு தோன்ற மூவரும் நடக்கின்றனர். காப்பியச் சுவைக்காக அமைத்த காட்சி என்று இதனைக் கடந்துவிடலாகாது. எகிப்தியப் பாலைவழியில் வணிகர் கைக்கொண்ட அதே நடைமுறை பாண்டிநாட்டு வேனில்வழியிலும் இயல்பாக இருந்தது. இரவுப்பயணம் அமைய வழி அறிந்தவரும், அரசின் காவலும், விடியுமுன் எட்டத்தக்க தொலைவில் ஒரு நீர்நிலையும் தேவை. கோவலன் சொல்லும் அரசன் காவல் வெறும் புகழ்மொழியன்று. பெரும்பாணாற்றுப்படை உல்கு பெறும் பெருவழியில் வில்லேந்திய காவலரைக் காட்டுவதும் இதற்கு அரண் செய்யும்.

வேறுபாடும் பெரிது. எகிப்திய வழியின் நீர்நிலைகள் அரசு தோண்டிக் காவற்கோட்டை எழுப்பிக் காத்தவை. மேலூர்க் குன்றுகளின் நீர் இயற்கை தந்தது. அதனருகே எழுந்தவை கோட்டைகள் அல்ல, பள்ளிகள். பெரும்பாலைவன நடுவே வணிகத்தால் மட்டும் வளர்ந்த பல்மைராபோன்ற தனிநகர் ஒன்று இங்குத் தோன்றாமைக்கும் இதுவே காரணம். நீர் ஓரிடத்துக் குவியாமல் பல குன்றுகளில் சிதறிக் கிடந்ததால் தங்கலும் சிதறிக் கிடந்தது. நகரமாகும் பேறு வைகைக்கரை மதுரைக்கே வாய்த்தது.

இடைக்காலத்தில் இவ்வமைப்பு மாறுகிறது. மேலூருக்கு வடகிழக்கே உள்ள பிரான்மலையின் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டில் ஐந்நூற்றுவர் வணிகக்குழு சரக்குவாரியாக மகமை விதிப்பதைக் காண்கிறோம். எறிவீரப்பட்டினம், தாவளம் முதலிய சொற்கள் காவலுடன் கூடிய வணிகத் தங்கல்களைச் சுட்டுகின்றன. குன்றடிச் சுனையின் இடத்தைக் காவல் பெற்ற ஊர் எடுத்துக்கொண்டது. அம்மாற்றம் தனியே ஆராயத்தக்கது.

சுனைகளின் இன்றைய நிலை

தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் ஏறத்தாழ 193 எக்டேர் பரப்பைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அவ்வாறு அறிவிக்கப்பெற்ற முதல் இடம் இதுவே. ஏழு குன்றுகளும் 72 ஏரிகளும் 200 இயற்கை நீரூற்றுகளும் அப்பகுதியில் உள்ளதாக அரசின் குறிப்பு கூறுகிறது. பறவையினங்களையும் சமணப் படுக்கைகளையும் குடைவரைக் கோயிலையும் அறிவிப்பு தனித்தனியே எண்ணுகிறது. இவற்றை ஒன்றாகப் பிணைப்பது அந்த 200 ஊற்றுகளே என்பது இதுவரை கண்டவற்றால் விளங்கும்.

இரண்டாண்டு கழித்து, 2024 நவம்பரில், இவ்வூர்களை உள்ளடக்கிய நிலப்பகுதி டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விடப்பட்டது. மேலூர் வட்டார மக்கள் திரண்டு எதிர்த்தனர். சட்டமன்றம் டிசம்பர் 9இல் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. நடுவண் அரசு 2025 சனவரியில் ஏலத்தை நீக்கியது. அவ்விவாதத்தில் தொல்லியல் தரப்பின் பேச்சு பெரும்பாலும் கல்வெட்டுப் பாறைகளைக் காப்பது பற்றியே அமைந்தது. பாறையைச் சுற்றி வேலியிட்டு அதன் ஊற்றுக்கண்ணை இழக்க நேர்ந்தால், வெள்ளறை நிகமத்தார் அக்குன்றைத் தேர்ந்ததன் காரணம் அழிந்து எழுத்து மட்டுமே எஞ்சும். எனவே தொல்லியல் துறையின் காப்பெல்லைகளை வரையறுக்குங்கால் கற்படுக்கையிலிருந்து இத்தனை மீட்டர் என்று அளப்பதோடு நில்லாமல், சுனையையும் அதற்கு நீர்தரும் சரிவையும், அடிவாரக் கண்மாயையும் ஓர் அலகாகக் கொள்ளுதல் வேண்டும். மாங்குளம் தொடங்கிக் கருங்காலக்குடி வரையிலான குன்றடி நீர்நிலைகளின் கரைகளில் மேற்பரப்பாய்வு செய்து, சாத்துகள் தங்கிய தடயமாகக் கறுப்பு சிவப்புப் பானையோடுகளும் மணிகளும் கிடைக்கின்றனவா என்று நோக்குவது இவ்வாய்வின் அடுத்த கட்டமாகும்.